ஈஜோக் திடலில் விரித்த லோரி கேன்வஸ்

பணி ஓய்வு என்ற சொல்லை நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். தலையில் ஒரு நரைகூட இல்லாதவளுக்கு என்ன ஓய்வு என்கிறார் அப்பா. ஆனால் நான் பார்த்த வேலை இனி இந்த வட்டாரத்தில் இல்லை. சிலாங்கூரில் எங்கள் ஈஜோக் கிரிக்கெட் திடலின் நடுவில் இருந்த களிமண் பிட்ச்களைத் தோண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் செயற்கைப் புல் விரிப்பை ஒட்டப் போகிறார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டாம், ரோலர் வேண்டாம், என்னைப் போன்ற ஆளும் வேண்டாம். எனக்குப் பத்தாங் காலியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை கிடைத்துவிட்டது. இருந்தாலும் கிரிக்கெட் பிட்ச் பராமரிப்பவள் என்ற முறையில் நான் ஓய்வு பெற்றவள்தான்.

வேறு மாநிலத்தில் களிமண் பிட்ச் வைத்திருக்கும் ஒரு திடலுக்கு இரண்டு இளம்பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். மழைக்குப் பிட்ச்சை மூடுவது பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் பட்டியல் போடுகிறவள். ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். காற்று வரும் பக்கத்திலிருந்து விரிக்க வேண்டும். இழுக்கக்கூடாது, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எடுக்கும்போது தேங்கிய நீர் வெளிப்பக்கம் சரிய வேண்டும். வெயில் வந்த பிறகும் மூடியே வைத்திருந்தால் மண் வியர்க்கும். இப்படி.

மறுநாள் போன் வந்தது.

"அக்கா, எல்லாம் ஓகே. கடைசி வரி மட்டும் புரியல. 'வேறு வேலைக்குப் பயன்பட்ட எதையும் பிட்ச் மேல் போடாதே, அது எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.' இது எந்தப் புக்ல இருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். அப்படியானால் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது.

நான் புல்தரைப் பராமரிப்பில் டிப்ளோமா படித்தவள். கோல்ஃப் திடலுக்குப் போவேன் என்று நினைத்துத்தான் படித்தேன். பயிற்சிக் காலத்தில் ஈஜோக்குக்கு அனுப்பினார்கள், அங்கேயே தங்கிவிட்டேன். முன்பு தோட்டத்துத் துரைமார் விளையாடிய திடல் அது. மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நான்காவது பக்கம் சாலை. சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவை வரும்போதே காற்றில் பழத்தின் வாசனையும் வரும். கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் புளிப்பாக, கையில் ஒட்டிக்கொள்வது போன்ற வாசனை. முதல் மாதத்துக்குப் பிறகு எனக்கு அது தெரியவே இல்லை.

என் மேலதிகாரி குளோரி மேடம். தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகள். விவசாய இலாகாவில் இருந்துவிட்டுத் திடல் பொறுப்புக்கு வந்தவர். அகலமான வைக்கோல் தொப்பி போட்டிருப்பார். கையில் எப்போதும் ஒரு மடக்குக் குடை. அதை விரித்து நான் பார்த்ததில்லை, ஆட்களுக்கு இடம் காட்டத்தான் அது. குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்பார். இரண்டாவது முறை இன்னும் மெதுவாக. "ரோலர் போட்டாச்சா?" என்பார். போட்டாச்சு என்றால், சற்று நிறுத்தி, "ரோலர்... போட்டாச்சா?" அந்த இரண்டாவது கேள்விக்குள் நமக்கே சந்தேகம் வந்துவிடும். பாதிப் பேர் திரும்பிப் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவார்கள். என்னை இஞ்சினியரம்மா என்று கூப்பிடுவார். டிப்ளோமாதான் மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் அம்மா போட்டிருக்கேன்" என்றார்.

அவருடைய சட்டங்களில் பெரியது காலணி. பிட்ச்சைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் வேலைக்காரர் யாரும் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு வரக்கூடாது. விளையாடுபவர்களுக்கும் நடுவர்களுக்கும் மட்டும் விலக்கு. ஒரு முறை போட்டிக்குப் பணம் கொடுத்த பெரியவர் ஒருவர் பளபளப்பான தோல் ஷூவோடு நேராகப் பிட்ச்சை நோக்கி நடந்தார். எங்களோடு வேலை பார்த்த செல்வா, "முடிஞ்சது கதை" என்று என் காதில் சொன்னான். குளோரி மேடம் அவர் முன்னால் போய் நின்றார். "சார், ஷூ ரொம்ப அழகா இருக்கு. இங்க கயித்துக்கு வெளிய வச்சீங்கன்னா எல்லாரும் பார்ப்பாங்க." அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. மேடம் அதைப் பார்க்காதது போல் வானத்தைப் பார்த்தார்.

பிட்ச்சுக்கான களிமண் சுங்கை பஞ்சாங் பக்கத்திலிருந்து வந்தது. நெல் வயல் மண். அதைக் காயவைத்து, இடித்து, சலித்து, மெல்லிய அடுக்காகப் போடுவோம். தண்ணீர் விட்டுக் காத்திருப்போம். எப்போது ரோலர் ஏற்றலாம் என்பதுதான் இந்த வேலையின் உயிர். முந்தினால் மண் ரோலரில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். பிந்தினால் அழுந்தாது. மேடம் கத்தியைக் குத்திப் பார்ப்பார்; நான் ஈரப்பத மீட்டரை வைத்துப் பார்ப்பேன். இருவரும் சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாட்களில் இருவரும் சேர்ந்து பால் சேர்க்காத தே ஓ குடிப்போம், மண் முடிவு செய்யட்டும் என்று.

அந்தத் திடலுக்கு ஒரு சொந்த ரசிகர் இருந்தார். ஆறுமுகம் அங்கிள். செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். அவர் மகள் ஷாமினி எங்கள் திடலில் ஆடப் பழகி, மலேசியப் பெண்கள் அணியில் தொடக்க ஆட்டக்காரியாக நின்றவள். பத்தாங் காலியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒவ்வொரு போட்டிக்கும் சம்பளமில்லா விடுப்புதான். அவள் ஆடும் நாளில் அங்கிளின் லோரி, குலையோடு, சாலையோரம் நின்றுவிடும். ஷாமினி பந்தை எல்லைக்கு அனுப்பினால் ஹாரன்.

"அங்கிள், ஆலையில உங்களத் தேடறாங்க. பழம் வெயில்ல காயுது, நீங்க இங்க ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று செல்வா கத்துவான்.

"பழம் நாளைக்கும் காய்க்கும்லா! என் புள்ள நாளைக்கும் ஃபோர் அடிப்பாளான்னு நீ எழுதித் தர்றியா?"

அவர் லோரியில் ஒரு பழைய கேன்வஸ் இருக்கும். குலையிலிருந்து உதிரும் பழங்கள் சாலையில் சிந்தாமல் இருக்க லோரியின் தரையில் விரிப்பது. அதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

கிரிக்கெட்டில் இன்னும் பெயர் வாங்காத நாடுகளுக்கு வட்டாரத் தகுதிச் சுற்று என்று ஒன்று நடக்கும். அதில் முதலிடம் வரும் அணி மட்டும் அடுத்த சுற்றுக்கு வெளிநாடு போகலாம். அந்த முறை பெண்கள் சுற்று நம் நாட்டில். இரண்டு திடல்களில் ஈஜோக்கும் ஒன்று. அணிகள் கோலசிலாங்கூரில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போயின. கடைசி ஆட்டம் எங்கள் திடலில்தான், நம் அணிக்கும் புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்த இன்னொரு அணிக்கும். கணக்கு எளிது. நாம் ஜெயித்தால் நாம் போவோம். ஆட்டம் கைவிடப்பட்டுப் புள்ளியைப் பகிர்ந்தால் அவர்கள் போவார்கள்.

ஷாமினிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தொழிற்சாலையில் இந்த ஆண்டுக்குப் பிறகு விடுப்பு கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அணியிலும் அடுத்த ஆண்டு இளையவர்களை எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசி ஆட்டத்தன்று காலை கயிற்றுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்குப் பந்து எப்படி வரும்?"

"நேரா வரும். நீ வளைச்சு ஆடாத."

"ஜெயிச்சா ப்ளேன்ல போவேன்கா. அப்பா பாஸ்போர்ட்கூட எடுத்துட்டாரு. நான் ஆடறதுக்கு அவருக்கு எதுக்குப் பாஸ்போர்ட்டுன்னு கேட்டா, ஹாரன் யார் அடிப்பான்றாரு."

எதிரணி முதலில் ஆடியது. பிட்ச் நன்றாக நடந்துகொண்டது. நம் பெண்கள் நன்றாகப் பந்து வீசி, எட்டக்கூடிய ஓர் எண்ணிக்கையில் அவர்களை நிறுத்தினார்கள். இடைவேளையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செம்பனைகளுக்கு மேல் வானம் மட்டும் கறுத்திருந்தது.

எங்களிடம் பெரிய கவர் ஒன்று. உதிரிக் கவர் இன்னொரு திடலுக்குப் போயிருந்தது. அங்கு முந்தின நாள் மழை. முதல் துளி விழுவதற்கு முன்பே நாங்கள் கவரை விரித்துவிட்டோம். அதுவரை எல்லாம் என் பட்டியலில் உள்ளபடி. பிறகு காற்று வந்தது. செம்பனை ஓலைகள் ஒரே பக்கமாகத் திரும்பின. கவரின் ஒரு முனை எழும்பி, இரும்புக் கொக்கியில் மாட்டி, நீளவாக்கில் கிழிந்தது. சாலைப் பக்கத்து முனை, பந்து குத்தும் இடம் உட்பட, திறந்துகொண்டது. திறந்த களிமண்ணில் சிலாங்கூர் மழை கொட்டினால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். செல்வா கிழிசலின் மேல் படுத்தே விட்டான். அவன் அகலம் போதவில்லை.

அப்போதுதான் ஆறுமுகம் அங்கிள் ஓடி வந்தார். தோளில் சுருட்டிய கேன்வஸ். பின்னால் அவருடைய உதவியாளர்.

"பாப்பா! இதப் புடி! நல்ல கனம், பறக்காது!"

நான் பிடித்தேன். குளோரி மேடம் குடையால் முனையைக் காட்டினார். அங்கிள் கயிற்றருகில் நின்றார். அந்த மழையிலும் குனிந்து பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கேன்வஸை விரிப்பதற்கு முன் ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் சுத்தம். இத கீழ போடு" என்றார். பழம் படும் பக்கம் மேலே இருந்தது. அடிப்பக்கம் உண்மையிலேயே சுத்தமாகத்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அதன் ஓரங்களில் வெறுங்காலோடு நின்றோம். இடி இடித்தபோது குளோரி மேடம் எல்லாரும் உள்ளே போங்கள் என்றார். அங்கிள், "நீங்க போங்கம்மா, நான் கொஞ்சம் கனம்" என்றார். யாரும் போகவில்லை.

மழை எப்படி வந்ததோ அப்படியே போனது. வெயில் அடித்தது. நடுவர்கள் வந்து ஓவர்களைக் குறைத்தார்கள். குறைத்தாலும் இலக்கு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாங்கள் கேன்வஸைத் தூக்கினோம். மண் நனையவில்லை. செல்வா என் முதுகில் தட்டினான். லோரிக்குத் திரும்பிப் போயிருந்த அங்கிளின் உதவியாளர் ஹாரன் அடித்தார்.

குளோரி மேடம் மட்டும் குனிந்தே இருந்தார். தொப்பியைக் கழற்றினார். தரைக்கு முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றில் எப்போதும் இருக்கும் வாசனைதானே என்று நினைத்தேன். நானும் மண்டியிட்டேன். வாசனை காற்றில் இல்லை, மண்ணில் இருந்தது.

எத்தனையோ ஆண்டுகளாக நசுங்கிய பழத்தின் எண்ணெய் அந்தக் கேன்வஸுக்குள் இறங்கியிருந்தது. மேலே நீர் தேங்கி அழுத்த, ஓரங்களில் நாங்கள் நின்று மிதிக்க, அது அடிப்பக்கமாகக் கசிந்திருக்கிறது. பந்து குத்தும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அளவுக்கு மங்கலான ஆரஞ்சுத் திட்டுகள். செல்வா ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். மேடம் குடையை நீட்டி நிறுத்தினார். ரோலர் ஏறியிருந்தால் எண்ணெய் பிட்ச் முழுக்கப் பரவியிருக்கும்.

நான் செய்தது என்னவென்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மண்ணில் இறங்காமல் முத்தாக நின்றது. காய்ந்த களிமண் பொடியைத் தூவிக் கூட்டினேன். பொடி எண்ணெயைக் குடித்தது, ஆனால் அடியில் இன்னும் இருந்தது. தோள் உயரத்திலிருந்து பந்தைப் போட்டேன். நல்ல மண்ணில் நேராக எழும்பியது. திட்டின் மேல் ஒரு முறை எழும்பாமல் வழுக்கியது. அடுத்த முறை திட்டின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் என் முழங்காலை நோக்கி வந்தது. வேகப் பந்து வீச்சாளர் கையிலிருந்து அதே பந்து வந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவர்கள் இருவரும் மேட்ச் ரெஃப்ரியும் வந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆடலாமா வேண்டாமா என்பது நடுவர்கள் முடிவு. ஆனால் இது அவர்கள் பார்த்திராத விஷயம். அதனால் மண்ணைப் படித்தவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க விரும்பினார்கள். விதியையும் ரெஃப்ரி விளக்கினார். ஆபத்து என்று முடிவானால், பக்கத்தில் தயாராக இருக்கும் வேறு பிட்ச்சுக்கு மாறலாம். அதற்கு இரண்டு கேப்டன்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஆட்டம் கைவிடப்படும்.

கைவிட்டால் யார் போவார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எதிரணிக் கேப்டன் எதற்காகச் சம்மதிக்கப் போகிறார்?

ஷாமினி கால் கவசம் கட்டி, மட்டையோடு வந்து நின்றாள். தமிழில் என்னிடம் மட்டும் பேசினாள்.

"அக்கா, முதல் பந்த நான்தானே வாங்கப்போறேன். வழுக்கினா என் மூஞ்சி. எனக்குப் பயமில்ல. ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"உனக்கு அப்புறம் இன்னும் பத்து பேர் இருக்காங்க, ஷாமினி."

"அவங்களையும் கேட்டுட்டேன். எல்லாரும் சரின்னாங்க. சின்ன சின்னத் திட்டுதானேக்கா. மண்ணப் போட்டு மூடிருங்க, யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் மேடத்துக்கும்தானே தெரியும்."

உண்மைதான். நான் பொடியைத் தடிமனாகத் தூவி, சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் நடுவர்கள் நம்பியிருப்பார்கள். குளோரி மேடம் என்னைப் பார்த்தார்.

"பாதுகாப்பா?" என்றார்.

"இல்ல மேடம்."

அவர் கொஞ்சம் நிறுத்தினார். இன்னும் மெதுவாகக் கேட்டார். "பாதுகாப்பா?"

அந்த இரண்டாவது கேள்விக்காக நான் எத்தனையோ முறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். அன்றும் குனிந்து விரலால் திட்டைத் தொட்டேன். விரல் வழுக்கியது.

"இல்ல மேடம்" என்றேன். பிறகு நடுவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

எதிரணிக் கேப்டன் மரியாதையான பெண். பக்கத்துப் பிட்ச்சைப் பார்த்தார், தன் அணியைப் பார்த்தார், மன்னிக்கவும், சம்மதமில்லை என்றார். நம் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒலிபெருக்கியில் ஆடுகளம் தகுதியற்ற நிலையில் இருப்பதால் ஆட்டம் கைவிடப்படுகிறது என்றார்கள். எண்ணெய் என்று சொல்லவில்லை. கூட்டம் மழையைத் திட்டிக்கொண்டு கலைந்தது.

ஆறுமுகம் அங்கிள் கயிற்றுக்கு வெளியே, தோளில் கேன்வஸும் கையில் பூட்ஸுமாக நின்றிருந்தார்.

"என்ன பாப்பா, அதான் காஞ்சிருச்சே! ஏன் நிறுத்திட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷாமினி அவர் முன்னால் போய் நின்றாள். அழுது முடித்த முகம், ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

"மழப்பா. கிரவுண்ட் ஈரம். ஓட முடியாதாம்."

அங்கிள் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்படியா பாப்பா?"

ஷாமினி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் கெஞ்சினாள்.

"ஆமா அங்கிள். ஈரம்."

"நம்ம கேன்வஸ் தாங்குச்சுல்ல?"

"தாங்குச்சு அங்கிள்."

குளோரி மேடமும் வந்தார். "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம், ஆறுமுகம்" என்றார். அங்கிள் தலையாட்டினார். கேன்வஸைத் தோள் மாற்றிக்கொண்டு லோரிக்கு நடந்தார். ஷாமினி அவர் பூட்ஸை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

மேலே அனுப்பிய அறிக்கையில் காரணத்தை எழுதினோம், ஆளை எழுதவில்லை. செல்வாவிடமும் மற்றவர்களிடமும் மேடம் சொல்லி வைத்தார். திடலில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தோம். தன் கையாலேயே மகளின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதை ஒரு மனிதர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஷாமினி அதன்பிறகு நாட்டு அணிக்கு ஆடவில்லை. பத்தாங் காலியில் திருமணமாகிவிட்டது; ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுக்கிறாள். என்னைக் குறை சொன்னதே இல்லை. ஒரு தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "நீங்க சொன்னது சரிதாங்கா" என்றாள். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரியா இல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அங்கிளின் லோரி சாலையோரம் நிற்பது நின்றுபோனது. மகள் ஆடவில்லை, ஏன் நிற்கப் போகிறார் என்று நினைத்தோம். ஆனால் ஒன்று கவனித்தேன். வானம் கறுத்து நாங்கள் கவரோடு ஓடும் நாட்களில் அவர் லோரி திடலைத் தாண்டும்போது மட்டும் மெதுவாகும். நாங்கள் கை அசைப்போம். அவரும் அசைப்பார். பிறகு போய்விடுவார். என்ன அங்கிள் என்று ஒருநாளும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கூப்பிட்டால் அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயம்.

குளோரி மேடம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். சென்ற மாதம், தோண்டும் இயந்திரம் வருவதற்கு முந்தின நாள், செல்வாவும் நானும் மட்டும் திடலில் இருந்தோம். சாமான்களை எண்ணி ஒப்படைக்க வேண்டியிருந்தது. மாலையில் மேகம் கூடியது. கவரை ஏற்கெனவே கட்டி அனுப்பிவிட்டோம். நாளைக்குத் தோண்டப்போகிற மண், நனைந்தால் என்ன என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது அங்கிளின் லோரி வந்து சாலையோரம் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்து எடுத்துக்கொண்டு இறங்கினார். நீலக் கேன்வஸ். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது. மடிப்பின் ஓரங்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"கடைசி நாளாமே பாப்பா. அதான் கொண்டாந்தேன். புதுசு. பழம் ஏத்தினதில்ல."

செல்வா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அந்த வெளுத்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"எப்ப வாங்குனீங்க அங்கிள்?"

"அந்த மேட்ச் முடிஞ்சு, அடுத்த வாரம்." அவர் கேன்வஸைத் தட்டிக்கொடுத்தார். "சீட்டுக்குப் பின்னாலயே கிடந்துச்சு. மழ வர்றப்பல்லாம் மெதுவா வருவேன். ஒரு நாளாச்சும் கூப்பிடுவீங்கன்னு."

"உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"அன்னிக்கே தெரியும்லா. மேடம் குனிஞ்சு மோந்து பார்த்தாங்க பாரு, அப்பவே. எத்தன வருசமா அந்த வாசத்துலதானே நான் சோறு திங்கறேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கேட்டீங்க?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அங்கயே உக்காந்து அழுதுட்டு, எம்புள்ளகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஈரம்னு சொல்லிட்டீங்க. அப்புறம் அவகிட்ட நான் எப்படிக் கேக்கறது? இன்னைக்கு வரைக்கும் அவளும் பேசல, நானும் பேசல."

தூறல் விழ ஆரம்பித்தது. அவர் பிட்ச்சைப் பார்த்தார்.

"நாளைக்குத் தோண்டிருவாங்க அங்கிள்" என்றேன்.

"தெரியும் பாப்பா. மழ இன்னைக்குத்தானே வருது."

காற்று சாலைப் பக்கமிருந்து வந்தது. செல்வா கேன்வஸின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அங்கிள் கயிறு இருந்த இடத்தில் நின்றார். கயிற்றை நாங்கள் காலையிலேயே சுருட்டிவிட்டோம். இருந்தாலும் அவர் அங்கே நின்று, குனிந்து, பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.